நோய் வருமுன் வரவேண்டிய அதிகாரி

தெருக்கோடி வீட்டுக் குழாயில் சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடித்து, அதில் ஆர்த்தோடோலிடின் சில சொட்டு விடுவார் சுகாதார ஆய்வாளர். தண்ணீர் மஞ்சளாக மாறினால் குளோரின் வந்து சேர்ந்திருக்கிறது. நிறம் மாறாமல் அப்படியே இருந்தால் சங்கடம். தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டதாக டேங்க் ஆபரேட்டரின் நோட்டில் எழுதியிருக்கும், போடாமலே எழுதியிருக்கலாம். போட்டும் பலனில்லாமல் போயிருக்கலாம். புதிய பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். வாய் திறந்த மூட்டையில் மழைக்காலம் முழுக்கக் கிடந்த பவுடர் சுண்ணாம்புத் தூளுக்குச் சமம். தொட்டிக்கும் அந்த வீட்டுக்கும் நடுவே குழாய் உடைந்து சாக்கடை கலந்துகொண்டிருக்கவும் கூடும். கடைசி வீட்டில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்ச வேண்டும் என்பது கணக்கு.

சோதனைக்குச் சில நிமிடங்கள் போதும். முதல் வீட்டை விட்டுவிட்டுக் கடைசி வீட்டுக்கு ஏன் போக வேண்டும், மஞ்சள் வராவிட்டால் மூன்று காரணங்களில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்தபின் யாருக்கு எழுதுவது என்பதுதான் வித்தை. அதைக் கற்றுத் தந்திருக்க வேண்டும். எழுதினால் கேட்டாக வேண்டும் என்று சட்டமும் இருக்க வேண்டும். எழுதியதற்காக அடுத்த மாதம் வேறு ஊருக்குத் தூக்கியடிக்காமல் இருக்கவும் வேண்டும். ஓர் ஊரின் ஆரோக்கியத்தில் பெரும்பகுதி இந்த மூன்றில் அடங்கிவிடுகிறது. மூன்றுமே நியமன விதிகள் சம்பந்தப்பட்டவை. நியமன விதி என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடத் தோன்றும், கொஞ்சம் பொறுங்கள்.

அரசு மருத்துவமனையில் டாக்டர் இல்லையென்றால் அன்றைக்கே சாலை மறியல். செய்தித்தாளில் படம் வரும், எம்.எல்.ஏ. போன் போடுவார், சாயங்காலத்துக்குள் யாரையாவது அனுப்பிவிடுவார்கள். அதே ஊரில் நகர்நல அலுவலர் பணியிடம் எத்தனை மாதம் காலியாகக் கிடந்தாலும் ஒருவரும் கேட்க மாட்டார்கள். கேட்க ஆளில்லாதது இயல்புதான்: வராமல் போன வாந்திபேதிக்கு நோயாளி கிடையாது. மக்கள் கேட்டுக் காப்பாற்றாத பதவியை எழுதிவைத்த விதிதான் காப்பாற்ற வேண்டும்.

லிவர்பூல் கற்ற பாடம்

இந்தப் பதவியின் பிறப்பிடம் இங்கிலாந்தின் துறைமுக நகரமான லிவர்பூல். 1847 ஜனவரியில் வில்லியம் ஹென்றி டங்கன் என்ற மருத்துவரை நகரத்தின் சுகாதார அதிகாரியாக நியமித்தார்கள். முதலில் பகுதி நேர வேலை. ஆண்டுக்கு 300 பவுண்டு. சொந்தத் தொழிலையும் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. காலையில் வைத்தியம் பார்த்த வீட்டுக்காரருக்கே மாலையில் கழிவறை சரியில்லை என்று நோட்டீஸ் கொடுக்க வேண்டும். இது எங்கே போய் முடியும் என்று சொல்லத் தேவையில்லை. அடுத்த ஆண்டே அவரை முழுநேரம் ஆக்கி 750 பவுண்டு கொடுத்தார்கள்.

1855-இல் லண்டனின் உள்ளூர் மன்றங்கள் இப்படி ஓர் அதிகாரியை அமர்த்தியே ஆக வேண்டும் என்றானது. 1872-இல் இங்கிலாந்து முழுவதற்கும் கட்டாயம். கட்டாயம் என்றதும் சிறு ஊர் மன்றங்கள் வழி கண்டுபிடித்துவிட்டன. அக்கம்பக்கத்து டாக்டர் ஒருவரைச் சொற்பச் சம்பளத்துக்குப் பிடித்து, ஆண்டுதோறும் புதுப்பிக்கும் நிபந்தனையில் அமர்த்தினார்கள். மன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் பலர் குடிக்கூலி வீடுகளின் சொந்தக்காரர்கள். கண்டிப்பானவருக்குப் புதுப்பித்தல் கிடைக்காது. மத்திய அரசு இதற்கு ஒரு மாற்று வைத்தது: அதிகாரியின் சம்பளத்தில் பாதியை நாங்கள் தருகிறோம், அவரை எங்களைக் கேட்காமல் நீக்கக் கூடாது. கடைசியாக 1888 சட்டம் படிப்பைப் பற்றிப் பேசியது. 50,000 பேருக்கு மேல் வாழும் இடங்களில், 1892 முதல், பொதுச் சுகாதாரத்தில் பட்டயம் பெற்றவரையே புதிதாக நியமிக்க வேண்டும். அந்தப் பட்டயத்துக்கு ஆய்வுக்கூடப் பயிற்சியும், பதவியில் இருக்கும் சுகாதார அதிகாரி ஒருவரோடு ஆறு மாதம் ஊர் சுற்றும் பயிற்சியும் வேண்டும் என்று மருத்துவக் கவுன்சில் வைத்தது. சாக்கடையை முகர்ந்து பார்க்காமல் பட்டயம் கிடையாது என்று வைத்துக்கொள்ளலாம்.

வைத்தியத்தொழிலும் அதிகாரமும் கலக்கக் கூடாது, நீக்குகிற உரிமை ஊர்ப் பெரியவர்கள் கையில் மட்டும் இருக்கக் கூடாது, எம்.பி.பி.எஸ். மட்டும் போதாது என்ற மூன்று முடிவுகளுக்கு வந்து சேர அவர்களுக்கு நாற்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில், 1882-இல், இப்சன் ‘மக்கள் விரோதி’ நாடகத்தை எழுதினார்: ஊரின் வருமானமான குளியல் தலத்துத் தண்ணீர் கெட்டிருக்கிறது என்று சொன்ன மருத்துவ அதிகாரியை ஊரே சேர்ந்து விரட்டும் கதை. சத்யஜித் ராய் அதை 1989-இல் வங்காளத்துக் கோயில் தீர்த்தத்துக்கு மாற்றிப் படமாக எடுத்தார். நம் ஊர்க் குளம் ஒன்றுக்கு மாற்றினாலும் கதை கச்சிதமாகப் பொருந்தும்.

மெட்ராஸ் செய்த காரியம்

ராணுவத்தினர் போரைவிடக் காலராவிலும் காய்ச்சலிலும் அதிகம் சாகிறார்கள் என்று கண்ட பிறகு, 1864-இல் வங்காளம், பம்பாய், மெட்ராஸ் ஆகிய மூன்று மாகாணங்களிலும் சுகாதார ஆணையங்கள் வந்தன. அக்கறை முதலில் வெள்ளைச் சிப்பாய்கள் மீதுதான். ஊர்மக்கள் பிறகு வந்தார்கள். ஆனாலும் ஒரு துறை உருவாகிவிட்டது.

அதற்கு முதுகெலும்பு கிடைத்தது 1939-இல். ராஜாஜி அமைச்சரவையில் சுகாதாரத்தைக் கவனித்தவர் திருச்சி மருத்துவர் டி.எஸ்.எஸ். ராஜன். அப்போது வந்த மெட்ராஸ் பொதுச் சுகாதாரச் சட்டம் இன்றும் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. குடிநீர், வடிகால், கொசு, தங்கும் விடுதி, தொற்றுநோய் என்று அத்தியாயம் அத்தியாயமாகப் போகும் சட்டம். திருவிழாவுக்கும் சந்தைக்கும் தனி அத்தியாயமே இருக்கிறது. மகாமகத்துக்கும் தேரோட்டத்துக்கும் காலரா கூடவே வந்த காலத்தைப் பார்த்தவர்கள் எழுதியது. இதன் அடிப்படையில்தான் சுகாதார அலுவலர் ஒரு வளாகத்துக்குள் நுழைந்து பார்க்கலாம், கொசுப்புழு வளர்க்கும் தொட்டிக்காரருக்கு நோட்டீஸ் கொடுக்கலாம், கெட்டுப்போன கிணற்றை மூடச் சொல்லலாம். உள்ளாட்சியில் சுகாதார ஊழியர்கள் போதவில்லையென்றால் கூடுதலாக அமர்த்தச் சொல்லும் அதிகாரம் அரசுக்கு உண்டு.

சுதந்திரத்துக்குப் பிறகு நடந்தது சுவாரஸ்யமானது. சிகிச்சையையும் தடுப்பையும் ஒன்றாகக் கொண்டுபோக வேண்டும் என்றது 1946-இல் வந்த போர் (Bhore) குழு அறிக்கை. எண்ணம் நல்லதுதான். பெரும்பாலான மாநிலங்கள் அதைத் துறைகளை இணைப்பது என்று எடுத்துக்கொண்டன. மருத்துவத் துறையும் சுகாதாரத் துறையும் ஒரே இயக்குநரின் கீழ் வந்ததும், ஒரே பட்ஜெட்டில் மருத்துவமனைக்குப் பங்கு பெருகியது. தடுப்பு வேலை மெலிந்தது. மயக்க மருந்து நிபுணரும் எலும்பு முறிவு நிபுணரும் பணிமூப்பில் மாவட்டச் சுகாதாரத் தலைமைக்கு வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் திறமைக்குக் குறைவில்லை. அவர்கள் கற்ற வித்தை வேறு.

தமிழ்நாடு இணைக்கவில்லை. பொதுச் சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை தனி இயக்குநர், தனி பட்ஜெட், தனிப் பணியாளர் வரிசை என்று தொடர்ந்தது. எம்.பி.பி.எஸ். முடித்தவர் பொதுச் சுகாதாரப் பட்டயமும் பெற்று நகர்நல அலுவலர் ஆகிறார். பிறகு சுகாதாரப் பணிகள் துணை இயக்குநர் ஆகிறார். ஊழியர்கள் வாயில் அவர் ‘டிடி’. அண்மையில் பெயர்ப்பலகையில் மாவட்டச் சுகாதார அலுவலர் என்று மாற்றிவிட்டார்கள், வாயில் இன்னும் மாறவில்லை. வருவாய் மாவட்டம் பெரிதாக இருந்தால் அதை இரண்டாகப் பிரித்துச் சுகாதார மாவட்டம் என்று வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து இணை இயக்குநர், கூடுதல் இயக்குநர், இயக்குநர். நாற்காலியில் இருக்கும் இயக்குநர் ஒரு காலத்தில் ஏதோ ஒரு நகராட்சியின் சாக்கடை ஓரம் நின்றவராக இருப்பார். இந்த ஏணிதான் விஷயம். இந்தியச் சுகாதாரத்தைப் பற்றி எழுதும் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பத் தமிழ்நாட்டை எடுத்துக்காட்டுவது இதற்காகத்தான்.

ஏணியின் பலன் 2004 டிசம்பரில் தெரிந்தது. சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் சுமார் 6,000 பேர் இறந்தார்கள். கிணறெல்லாம் உப்பு, முகாம்களில் நெரிசல், அழுகிய உடல்கள், ஈக்கள். அடுத்து காலராவும் தட்டம்மையும் வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். மற்ற மாவட்டங்களின் சுகாதார அலுவலர்கள் தங்கள் ஆய்வாளர்களோடும் மருந்தோடும் வந்து இறங்கினார்கள். தண்ணீர் லாரியில் குளோரின் பார்ப்பது, முகாம் குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போடுவது, ஈக்குத் தெளிப்பது, தினமும் யாருக்குக் காய்ச்சல், யாருக்குப் பேதி என்று கணக்கெடுப்பது. பெரிய தொற்று எதுவும் பரவவில்லை. வேறு மாவட்டத்துக்காரர் வந்த அன்றே வேலையில் இறங்க முடிந்ததற்குக் காரணம், எல்லோரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பாடம் படித்தவர்கள்.

கீழ்த்தட்டில் சுகாதார ஆய்வாளர். பிளஸ் டூவில் உயிரியல் படித்துவிட்டு இரண்டாண்டுப் பயிற்சி முடித்தவர். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் எடுக்கிறது. பயிற்சிக்குக் காந்திகிராம நிறுவனமும் பூந்தமல்லி பொதுச் சுகாதார நிறுவனமும், கொசு, எலி, உண்ணி வகையறாவுக்கு ஓசூர் நிறுவனமும் தமிழ்நாட்டில் பழைய பெயர்கள். கிராமச் சுகாதாரச் செவிலியர் வீட்டுக்குள் போய்ப் பார்ப்பதை இவர் வீட்டுக்கு வெளியே பார்க்கிறார்.

எங்கே ஓட்டை?

இவ்வளவு இருந்தும் ஓட்டைகள் இருக்கின்றன. முதலாவது, ‘கூடுதல் பொறுப்பு’ என்ற வழக்கம். ஒரு நகராட்சியின் அலுவலர் ஓய்வு பெற்றதும் பக்கத்து நகராட்சிக்காரர் இரண்டையும் பார்ப்பார். வாரத்தில் ஒரு நாள் வந்து கோப்பில் கையெழுத்துப் போடலாம். கடைசி வீட்டுக் குழாய்க்குப் போக நேரமிருக்காது. இது தற்காலிகம் என்றுதான் ஆணை சொல்லும். எத்தனை நாள் தற்காலிகம் என்று எந்த விதியும் கழுத்தைப் பிடிக்காததால் அது இழுத்துக்கொண்டே போகும்.

நகரத்தில் சிக்கல் இன்னும் அதிகம். நகர்நல அலுவலர் சுகாதாரத் துறைக்காரர்; வேலை செய்வது நகராட்சியில்; அங்கே அவருக்கு மேல் ஆணையர். அவருக்குக் கீழே வேலை பார்க்கும் துப்புரவு ஆய்வாளர் நகராட்சி நிர்வாகத்துக்காரர். குப்பை எடுப்பதா, காய்ச்சல் பார்ப்பதா என்றால் குப்பைதான் கண்ணில் படும், கவுன்சிலரும் அதைத்தான் கேட்பார். பொதுச் சுகாதாரம் படித்த டாக்டர் ஒருவர் காலை ஐந்து மணிக்குத் துப்புரவுப் பணியாளர் வருகைப்பதிவை எண்ணிக்கொண்டிருக்கும் காட்சி தமிழ்நாட்டு நகராட்சிகளில் அபூர்வமில்லை.

டெங்குவை எடுத்துக்கொண்டால் இது நன்றாகத் தெரியும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஆக ஒரு வாரம் முதல் பத்து நாள். ஆகவே வாரத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு வீட்டுத் தொட்டி, டயர், பிரிட்ஜ் பின்தட்டு என்று பார்த்தால் போதும். முட்டையோ காய்ந்துபோய் மாதக்கணக்கில் காத்திருக்கும். தொட்டிச் சுவரைத் தேய்த்துக் கழுவாமல் வெறுமே கவிழ்த்தால் அடுத்த தண்ணீரில் பொரித்துவிடும். இந்த நுணுக்கம் தெரிந்திருக்க வேண்டியவர்கள் வீடு வீடாகப் போகும் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்கள். தினக்கூலியிலோ ஒப்பந்தத்திலோ இருப்பவர்கள். கற்றுத் தந்து கைதேறிய நேரத்தில் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். போகாமல் என்ன செய்வார்கள்? இதற்கிடையில் வார்டில் புகை அடிக்கச் சொல்லிக் கோரிக்கை வரும். புகை கண்ணுக்குத் தெரியும், வாசனை வரும், ஏதோ செய்கிறார்கள் என்ற திருப்தி வரும். பறக்கும் கொசுவில் கொஞ்சம் சாகும்; தொட்டிக்குள் இருப்பது அடுத்த வாரம் பறக்கும். இதைக் கவுன்சிலர் முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய அதிகாரி, நிரந்தரப் பதவியில், துறையின் ஆதரவோடு இருப்பவராகத்தான் இருக்க முடியும்.

அதிகாரமும் கரைந்திருக்கிறது. 1954 கலப்படத் தடைச் சட்டத்தின் காலத்தில் ஓட்டல் சமையலறைக்குள் நுழைந்து உணவு மாதிரி எடுக்கும் உரிமை சுகாதாரப் பணியாளர்கள் கையில் இருந்தது. 2006-இல் இயற்றிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011-இல் நடைமுறைக்கு வந்ததும் அதற்கெனத் தனித் துறை வந்தது. அனுபவமுள்ள ஆய்வாளர்கள் பலர் அங்கே போனார்கள். உணவு தனி, தண்ணீர் தனி என்று அலுவலகங்களைப் பிரித்துவிடலாம். திருமண மண்டபத்தில் சாப்பிட்ட நூறு பேருக்கு வாந்தி வந்தால் அது சாம்பாரா, தண்ணீரா என்று வியாதி பிரித்துக்கொண்டு வராது.

எல்லாவற்றிலும் கவலை தருவது படிப்பு. அரசு மருத்துவர்களுக்குப் பட்டமேற்படிப்பில் இடஒதுக்கீடு தமிழ்நாட்டில் பாதி இடங்கள் வரை இருந்திருக்கிறது. மாநிலங்கள் இப்படி ஒதுக்கலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் இளம் மருத்துவர் அதில் எதைத் தேர்ந்தெடுப்பார்? பொது மருத்துவம், கதிரியக்கம், தோல். சாயங்காலம் கிளினிக்கில் போர்டு மாட்டலாம். பொதுச் சுகாதாரம் படித்தவருக்கு மாலையில் யார் வந்து நாடி பிடிக்கச் சொல்வார்கள்? பட்டய இடங்களைப் பட்டமேற்படிப்பு இடங்களாக மாற்றும் போக்கும் நாடு முழுக்க நடந்திருக்கிறது. சமூக மருத்துவத்தில் எம்.டி. நல்ல படிப்பு, ஆனால் அதன் இயல்பான பாதை கல்லூரி வகுப்பறைக்குப் போகிறது. பட்டயத்தின் இயல்பான பாதை நகராட்சிக்குப் போனது.

பாக் ஜலசந்திக்கு அப்பால்

இலங்கையில் இந்தப் பதவியை மக்களுக்கு நன்றாகத் தெரியும் என்பது எனக்கு எப்போதும் வியப்பு. யாழ்ப்பாணத்து நாளிதழைப் பிரித்தால் உணவகத்துக்கு எதிராகப் பொது சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) நீதவான் நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல், கடைக்குச் சீல், உரிமையாளருக்குத் தண்டம் என்று செய்தி அடிக்கடி வரும். ‘பி.எச்.ஐ. வாறார்’ என்றால் சமையலறை சுத்தமாகும். உணவு மாதிரி எடுக்கும் உரிமையை அங்கே அவர் கையிலேயே விட்டுவைத்திருக்கிறார்கள்.

அவருக்கு மேலே சுகாதார வைத்திய அதிகாரி. வீட்டு வாசலுக்கு வருபவர் குடும்பநல உத்தியோகத்தர். 1926-இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை உதவியோடு களுத்துறையில் தொடங்கிய முதல் சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்த அமைப்பு இது. அதே களுத்துறையில் இன்று தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவகம் இருக்கிறது. பயிற்சிப் பள்ளியும் சொந்தமாகப் பார்க்கும் ஊர்களும் ஒரே இடத்தில் இருப்பதால், வகுப்பில் கேட்டதை மதியம் தெருவில் பார்க்கலாம். மலேரியாவைத் துரத்திக்கொண்டே போனவர்கள் இவர்கள். உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012-இல். 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று சான்றளித்தது. ஆள் பற்றாக்குறை அங்கேயும் உண்டு, போர்க்காலத்தில் வடக்கு பட்ட பாடு தனிக் கதை. எல்லை வரைந்த ஒரு பகுதி, அதற்குப் பெயர் சொல்லக்கூடிய ஓர் அதிகாரி என்ற அமைப்பு மட்டும் கலையவில்லை.

ஜலசந்திக்கு இந்தப் பக்கம், டெல்லி இப்போது தமிழ்நாட்டுப் பாதைக்கு வருகிறது. எல்லா மாநிலங்களிலும் பொதுச் சுகாதார மேலாண்மைக்கெனத் தனிப் பணியாளர் வரிசை வேண்டும் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கை சொன்னது. 2022-இல் வழிகாட்டு நெறிமுறைகள் வந்தன. ஐ.ஏ.எஸ். போல அகில இந்திய மருத்துவ சுகாதாரப் பணி வேண்டும் என்றது 15-வது நிதிக்குழு. இதே யோசனையை 1961-இலேயே ஆற்காடு லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான குழு சொல்லிவைத்தது. அகில இந்தியப் பணியில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. தமிழ் தெரியாத அதிகாரி தெருக்கோடி வீட்டுப் பாட்டியிடம் நேற்று எந்தக் குழாயில் தண்ணீர் பிடித்தீர்கள் என்று கேட்க முடியாது. அதைக் கேட்கத் தெரிவதுதான் பாதி வேலை.

கேரளம் 2023-இல் வேறு வழியில் போனது. மலபாரில் மெட்ராஸ் சட்டமும் தெற்கே 1955 திருவாங்கூர்-கொச்சி சட்டமும் என்று இரட்டையாக ஓடியதை எடுத்துவிட்டு ஒரே பொதுச் சுகாதாரச் சட்டம் கொண்டுவந்தது. அதில் உள்ளூர்ப் பொதுச் சுகாதார அதிகாரம் அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் தரப்படுகிறது. நோயாளியையும் அவர்தான் பார்க்க வேண்டும், நோட்டீஸும் அவர்தான் கொடுக்க வேண்டும். டங்கன் மாட்டிக்கொண்ட அதே சிக்கல் வருமா, பஞ்சாயத்துகள் வலுவாக உள்ள கேரளத்தில் வராமல் போகுமா என்று சில ஆண்டுகளில் தெரியும்.

தமிழ்நாட்டில் 1939 சட்டத்தைத் திருத்தியெழுத ஒரு நாள் உட்காரத்தான் வேண்டும். அபராதத் தொகைகளைக் கூட்டுவதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. நியமன அத்தியாயத்தில்தான் இழுபறி வரும்: கூடுதல் பொறுப்புக்கு ஆறு மாதம் என்று உச்சவரம்பு வைத்தால் அதற்குள் ஆள் தேட வேண்டும்; ஆள் வேண்டுமென்றால் பட்டயப் படிப்புக்கு ஊக்கம் தர வேண்டும்; நகராட்சிக்குப் போகும் அதிகாரிக்குச் சம்பளம் சுகாதாரத் துறை தருவதா, நகராட்சி தருவதா என்று முடிவெடுக்க வேண்டும். இங்கிலாந்துக்காரர்கள் பாதிப் பாதி என்று தீர்த்துக்கொண்ட கணக்கு அது. நம் நிதித்துறைச் செயலாளர் அதற்கு என்ன குறிப்பு எழுதுவார் என்று ஊகிப்பது கடினமில்லை.